ஒரு மீட்டர்ல ரெண்டு குடும்பமா? தனி கரண்ட் எடுக்க நான் பட்ட பாடும் நீங்க செய்ய வேண்டியதும்

2025 ஆகஸ்ட்ல எங்க வீட்டுக்கு வந்த கரண்ட் பில்லுல 120 யூனிட், வரி சேக்காம 3,040 ரூவா. இலங்கை மலையகத்துல ஒரு தோட்டத்து லயம், வரிசை வீடு, அதுதான் எங்க வீடு. முன்பக்கம் அப்பா, அண்ணன், அண்ணி, அவங்க பிள்ளைங்க, பின்னால ரெண்டு ரூம் கட்டி நானும் வீட்டுக்காரியும் சின்னவனும். எல்லாருக்கும் ஒரே மீட்டர். பாதிப் பாதி கட்டுவோம்னு ஆளுக்கு 1,520 போட்டோம், அதுலயும் சண்டை, ஒங்க கேத்தல்தான் காரணம்னு அண்ணி சொல்ல, ஒங்க ஃப்ரிட்ஜுதான்னு என் வீட்டுக்காரி சொல்ல, ரெண்டு வாரம் ஒருத்தர் மொகம் ஒருத்தர் பாக்கல. பிறகுதான் பில்ல எடுத்து வச்சு கணக்கு பாத்தேன். கேத்தலும் இல்ல, ஃப்ரிட்ஜும் இல்ல, ரெண்டு குடும்பமும் ஒரே மீட்டர்ல இருந்ததுதான் காரணம்.

அதுக்குப் பிறகு தனி கரண்ட் எடுக்க மூணு மாசத்துக்கு மேல போச்சு, அதுல பாதி நாள் என் தப்பால வீணானது. அந்தத் தப்ப நீங்களும் செய்யக்கூடாதுன்னுதான் இத எழுதுறேன். தோட்டத்துல லயத்துல இருக்கிறவங்க, புதுசா ஏழு பேர்ச்சஸ் காணில வீடு கட்டினவங்க, கல்யாணம் முடிச்சு தனியா அடுப்பு வச்சவங்க, ஒங்களுக்குத்தான் இது.

1. மொதல்ல கணக்கு போடுங்க

ஆபீசுக்கு ஓடுறதுக்கு முன்னால ஒங்களுக்கு தனி மீட்டர் லாபமான்னு பாருங்க. அதுக்கு கட்டணம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும், ரொம்ப லேசுதான்.

வீட்டுக் கரண்டுக்கு 60 யூனிட் ஒரு கோடு. மாசம் 60க்குள்ள நின்னா ஒரு கணக்கு, தாண்டினா வேற கணக்கு. 2025 ஜூன் 12ல வந்த கட்டணப்படி சொல்றேன். 60க்குள்ளன்னா மொதல் 30 யூனிட்டுக்கு ஒண்ணு 4 ரூவா 50 சதம், அடுத்த 30க்கு ஒண்ணு 8 ரூவா, அதோட நிலையான கட்டணம்னு ஒண்ணு, 30 வரைக்கும் 80 ரூவா, 60 வரைக்கும் 210 ரூவா. ஆக 60 யூனிட் எரிச்சா 135ம் 240ம் 210ம் சேத்து 585 ரூவா.

இப்ப 61 யூனிட் எரிச்சு பாருங்க. அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் வெல கூடும்னு நெனைப்பீங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். அது இல்ல. மொதல் யூனிட்ல இருந்தே வெல மாறிடும். 60 யூனிட்டுக்கும் ஒண்ணு 12 ரூவா 75 சதம், அது 765 ரூவா, 61ஆவது யூனிட்டுக்கு 18 ரூவா 50 சதம், நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,183 ரூவா 50 சதம். ஒரே ஒரு யூனிட்டுக்கு 598 ரூவா 50 சதம் கூட கட்டுறீங்க!

அதுக்கு மேல போகப் போக 91ல இருந்து 120 வரைக்கும் யூனிட் 24 ரூவா, நிலையான கட்டணம் 1,000. 121ல இருந்து 180 வரைக்கும் 41 ரூவா, நிலையானது 1,500. 180க்கு மேல 61 ரூவா, 2,100. இதுக்கு மேல சமூகப் பாதுகாப்பு வரின்னு ஒரு சின்னத் தொகையும் விழும், நான் இங்க அத சேக்கல.

எங்க 120 யூனிட்ட ரெண்டு மீட்டர்ல 60, 60ன்னு பிரிச்சிருந்தா ஆளுக்கு 585, ரெண்டு பேருக்கும் 1,170. ஒரே மீட்டர்ல கட்டினது 3,040. மாசம் 1,870 ரூவா சும்மா போயிருக்கு, மலையில ஒரு நாள் சம்பளத்துக்கு மேல. வருஷத்துக்கு 22,440.

நீங்க ரெண்டு குடும்பம் சேந்து 50 யூனிட்தான் எரிக்கிறீங்கன்னா அவசரப்படாதீங்க, தனியா எடுத்தா நிலையான கட்டணம் ரெண்டு தடவ வரும், பெரிய லாபம் இல்ல. சேந்து 61ல இருந்து 120க்குள்ள வர்றவங்களுக்குத்தான் கட்டாயம் பிரயோசனம். 120ஐ தாண்டினவங்களுக்கும் லாபம் உண்டு, ஆனா பிரிச்ச பிறகு ஒருத்தராவது 60க்கு மேல நிப்பாங்க, 7ஆவதப் பாருங்க.

ஒரு விஷயம், இந்த வெல கல்லுல செதுக்கினது இல்ல. 2022 ஆகஸ்ட்ல இருந்து 2025 ஜூன் வரைக்கும் எட்டு தடவ மாத்தியிருக்காங்க, 2025 ஜனவரில 20 சதவீதம் கொறச்சு அதே வருஷம் ஜூன்ல 15 சதவீதம் கூட்டினாங்க. மின்சார சபை கேக்கும், பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பாத்து முடிவு சொல்லும். மழை பேஞ்சு நீர்த்தேக்கம் நெறஞ்சா செலவு கொறையும், காஞ்சா நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கணும், செலவு ஏறும். அதனால நீங்க கணக்கு போடும்போது அந்த மாச வெலைய பாத்து போடுங்க. எட்டு தடவையும் வெலதான் மாறிச்சு, அந்த 60 கோடு அப்படியே நின்னுச்சு.

(காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை தண்ணியும் தலவாக்கலை மேல்கொத்மலை அணையும் நம்ம பக்கம்தான், ஆனா நமக்கு தனி வெல கெடையாது. அத நெனச்சு வயிறு எரிஞ்சா அந்த நெருப்புல தேத்தண்ணி கூட போட முடியாது, விடுங்க.)

2. இப்ப இருக்கிற மீட்டர் யார் பேர்ல இருக்கு

பழைய பில்ல எடுத்து பேரையும் கணக்கு இலக்கத்தையும் பாருங்க. எங்க வீட்டுல தாத்தா பேரு. அவரு செத்து பதினொரு வருஷம், கரண்ட் சபைக்கு மட்டும் இன்னும் உயிரோட இருந்தாரு. புது கனெக்‌ஷன் கேட்டு போனப்ப, அதே கூரைக்குக் கீழ இன்னொரு கணக்கு இருக்கு, அதோட சொந்தக்காரர் கடுதாசி எங்கன்னு கேட்டாங்க. செத்தவர்கிட்ட எப்படி கையெழுத்து வாங்குறது? மொதல்ல அந்தக் கணக்க அப்பா பேருக்கு மாத்தி, பிறகு என்னோடத தொடங்கினேன். மூணு வாரம் அதுலயே போச்சு.

பேர் மாத்த மரணச் சான்றிதழ் கொப்பி, மாறப் போறவரோட அடையாள அட்டை, மத்த பிள்ளைங்களுக்கு ஆட்சேபனை இல்லன்னு ஒரு கடுதாசி எங்ககிட்ட கேட்டாங்க. பாக்கி இருந்தா அத கட்டித் தீத்துட்டு போங்க.

சில தோட்டத்துல இன்னும் வீட்டுக்கு வீடு சபை மீட்டர் இல்ல, தோட்டத்துக்கு அல்லது கூட்டுறவு சங்கத்துக்கு ஒரு பெரிய மீட்டர், ஒவ்வொரு வீட்டுக்கும் சின்ன மீட்டர், சல்லிய சம்பளத்துல புடிப்பாங்க. ஒங்க வீடு அந்த மாதிரின்னா தனி ஆளா போய் நின்னு வேலை நடக்காது. லயத்துல எல்லாரும் சேந்து கையெழுத்து போட்டு தோட்ட ஆபீஸ் மூலமா கேக்கணும், இல்லாட்டி ஒங்க ஒருத்தருக்காக கம்பி இழுக்க மாட்டாங்க.

3. கடுதாசிங்க, இதுலதான் பாதி உயிர் போகும்

டவுன்ல சொந்தக் காணி உள்ளவங்களுக்கு உறுதி இருக்கும், கொப்பி குடுத்தா முடிஞ்சுது. நமக்கு அது இல்லையே. காணி அரசாங்கத்தோடது, நடத்துறது கம்பெனி, குடியிருக்கிறது நாம. அதனால நமக்கு உறுதிக்கு பதிலா வேற கடுதாசி வேணும். நான் குடுத்தத வரிசையா சொல்றேன், ஒங்க பக்கத்து ஆபீஸ்ல ஒண்ணு ரெண்டு கூடக் கொறைய இருக்கலாம், ஆனா இத கைல வச்சுக்கிட்டு போனா வெறுங்கையோட திரும்ப மாட்டீங்க.

அடையாள அட்டை, ரெண்டு பக்கமும் கொப்பி. விலாசம் பழசா இருந்தா இப்பவே கவனிங்க, எனக்கு கல்யாணத்துக்கு முன்னால வேலை செஞ்ச எடத்து விலாசம் இருந்துச்சு, அத வச்சு ஒரு கேள்வி வந்துச்சு.

கிராம சேவகர்கிட்ட வதிவிடச் சான்றிதழ், அதுல பிரதேச செயலகத்துல மேலொப்பம். ஜி.எஸ். ஆபீஸ்ல எல்லா நாளும் இருக்க மாட்டாரு, மக்கள் பாக்கிற நாள் எதுன்னு மொதல்ல கேட்டுட்டு போங்க, ஒரு நாள் சம்பளத்த வீணாக்காம. மேலொப்பத்துக்கும் அன்னைக்கே டி.எஸ். ஆபீஸ் போக நெனச்சா காலையிலயே பஸ் ஏறணும்.

தோட்ட நிர்வாகத்தோட கடுதாசி. இதுதான் மலை. இந்த ஆள் இந்த டிவிஷன்ல இந்த லயத்துல இந்த எலக்கக் காம்பராவுல குடியிருக்கிறார், தனியா கரண்ட் எடுக்க நிர்வாகத்துக்கு ஆட்சேபனை இல்ல, அப்படின்னு தொரை கையெழுத்தும் சீலும் வேணும். எனக்கு நடந்தத கேளுங்க. ஆபீஸ்ல ஒருத்தர் கடுதாசி அடிச்சுக் குடுத்தாரு, சந்தோஷமா வாங்கிட்டு வந்தேன், அதுல "குடியிருக்கிறார்"னு மட்டும் இருந்துச்சு, ஆட்சேபனை இல்லங்கிற வரியே இல்ல. அத பாக்காம கொண்டு போய் குடுத்து, திருப்பி அனுப்பி, மறுபடி போனா தொரை லீவு. பன்னெண்டு நாள். அதனால கடுதாசி வாங்கின எடத்துலயே நின்னு படிங்க, சிங்களத்துலயோ இங்கிலீஷ்லயோ இருந்தா படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர கூட்டிட்டு போங்க. பேரு அடையாள அட்டையில உள்ள மாதிரி எழுத்துக்கு எழுத்து இருக்கணும், நம்ம ஆளுங்களுக்கு வீட்டுல ஒரு பேரு, செக்ரோல்ல (தோட்டத்து சம்பளப் பதிவுல) ஒரு பேரு, ஐ.சி.யில ஒரு பேரு, அங்கதான் மாட்டும்.

புது வீட்டுத் திட்டத்துல காணி உறுதி கெடச்சவங்களுக்கு இந்தத் தொல்ல கொறைவு, உறுதி கொப்பிய குடுங்க. உறுதி இன்னும் கைக்கு வராம வீடு மட்டும் குடுத்திருந்தா பயனாளிக் கடுதாசியோட தோட்டக் கடுதாசியும் சேத்து வைங்க.

எல்லாத்துலயும் மூணு கொப்பி எடுத்து ஒரு ஃபைல்ல போடுங்க. மூலத்த யாருக்கும் குடுக்க வேணாம், காட்டினா போதும்.

4. வயரிங், சல்லி அதிகம் போற எடம்

பின்னால ரூமுக்கு அண்ணன் வீட்டுல இருந்து ஒரு வயர இழுத்து தகரத்துக்கு மேலால கொண்டு வந்து பல்பு போட்டிருந்தேன். அந்த மாதிரி வயரிங்குக்கு மீட்டர் குடுக்க மாட்டாங்க. குடுக்காம இருக்கிறதும் நல்லதுதான், நம்ம மழையில தகரத்துல கரண்ட் எறங்கினா யாரு பொறுப்பு.

வீட்டுக்கு தனி மெயின் சுவிட்ச், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிஞ்சா தானா விழுறது), ஒழுங்கான ஏர்த், பிரிச்சு வச்ச பிரேக்கர், இவ்வளவும் இருக்கணும். பிளக் எல்லாம் 13 அம்பியர் சதுர முள்ளு. பழைய உருண்ட முள்ளு சொக்கட்ட மலிவுன்னு கழட்டிக் கொண்டு வந்து பூட்டாதீங்க, அது விக்கிறதயே நிப்பாட்டியாச்சு. ஏர்த் ராட நம்ம பக்கம் கல்லுல அடிக்கிறது கஷ்டம், ஒரு அடி எறங்கினதும் வயரிங் செய்ற பாஸ் ராட வெட்டிட்டு மண்ணப் போட்டு மூடப் பாப்பாரு, பக்கத்துலயே நில்லுங்க. எறங்காட்டி எடத்த மாத்தி ஈரமுள்ள பக்கமா அடிக்கச் சொல்லுங்க.

இப்ப என் ரெண்டாவது பெரிய தப்பு. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வயரிங் நல்லா செய்வான்னு அவனுக்கே குடுத்தேன். வேலை சுத்தம், கொறை சொல்ல மாட்டேன். ஆனா விண்ணப்பத்தோட வயரிங் சோதிச்ச ரிப்போர்ட் ஒண்ணு குடுக்கணும், அதுல கையெழுத்து போட தகுதி உள்ள ஆள் வேணும், அவனுக்கு அது இல்ல. வேற ஒருத்தர தேடிப் புடிச்சு, அவரு வந்து எல்லாப் பெட்டியயும் தெறந்து பாத்து, ரெண்டு எடத்துல மாத்தச் சொல்லி, அதுக்கு ஒரு தனிச் செலவு. வேலைய குடுக்கிறதுக்கு முன்னாலயே "ரிப்போர்ட் நீங்க குடுப்பீங்களா, அது விலையில சேந்ததா"ன்னு கேட்டு எழுதி வாங்குங்க. ஆணைக்குழு எலக்ட்ரீஷியன்மாருக்கு லைசன்ஸ் குடுக்குது, அந்தக் கார்ட கேட்டுப் பாக்கிறதுல வெக்கம் வேணாம்.

செலவு வீட்டுக்கு வீடு மாறும், எனக்கு ஆனத சொன்னா ஒங்கள குழப்பும். ஆனா ஒரு சொல்லு: பாஸ்கிட்ட சாமான் லிஸ்ட மட்டும் வாங்கி நீங்களே டவுன்ல ரெண்டு கடையில வெல கேளுங்க. வயர்லயும் ட்ரிப் சுவிட்ச்லயும் மட்டும் மலிவு பாக்காதீங்க, பல்பு ஹோல்டர்ல பாருங்க.

சிங்கிள் ஃபேஸ் 30 அம்பியர் நம்ம மாதிரி வீட்டுக்கு போதும். அது கிட்டத்தட்ட 6,900 வோட் (வாட்ஸ்) தாங்கும். சுடுதண்ணி ஷவர் 5,500 வோட்ல ஒண்ணப் போட்டுக்கிட்டு அதே நேரம் 2,000 வோட் கேத்தலயும் போட்டா தாங்காம பிரேக்கர் விழலாம், அதுக்கு சபைய ஏசி பிரயோசனம் இல்ல.

5. விண்ணப்பமும் எஸ்டிமேட்டும்

ஒங்க பிரதேசத்து மின்சார சபை வாடிக்கையாளர் சேவை ஆபீஸ்ல பாரம் எடுங்க. தமிழ்ப் பாரம் கேளுங்க, உண்டு. சபைய பல கம்பெனியா பிரிக்க 2024ல 36ஆம் இலக்கச் சட்டம் வந்துச்சு, அதனால போர்டுல பேரு மாறியிருந்தா பதறாதீங்க, வேலை அதே கவுண்டர்லதான். எங்க போறதுன்னு தெரியாட்டி 1987க்கு அடிச்சு கேளுங்க.

குடுக்கும்போது பக்கத்து வீட்டு பில் ஒண்ணு கொண்டு போங்க. லயத்துக்கு ரோட்டு பேரும் இல்ல வீட்டு எலக்கமும் இல்ல, அந்த பில்லுல உள்ள கணக்கு இலக்கத்த வச்சுத்தான் அவங்க ஒங்க வீடு எந்த ட்ரான்ஸ்ஃபோமர்ல, எந்த கம்பத்துலன்னு கண்டுபிடிப்பாங்க. இத யாரும் எனக்கு சொல்லல. ஆள் வந்து கீழ் டிவிஷன்ல தேடிட்டு திரும்பிப் போயிட்டாரு, அதுல ஒரு வாரம்.

பாரம் குடுத்த பிறகு ஒருத்தர் எடம் பாக்க வருவாரு. மூணு விஷயம் பாப்பாரு. ஒண்ணு, தனி வாசல், தனி அடுப்படி இருக்கா. ஒரே வீட்டுக்கு பில் கொறைக்க ரெண்டு மீட்டர் கேக்கிறீங்களான்னுதான் பாக்கிறது, அதனால நடுவுல உள்ள கதவ அடைச்சு செவரு வச்சிருந்தா நல்லது. ரெண்டு, கம்பத்துல இருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம். இதுதான் ஒங்க செலவ முடிவு பண்ணும், இருக்கிற கம்பத்துல இருந்து எட்டினா ஒரு தொகை, புதுக் கம்பம் நடணும்னா அது வேற உலகம். மூணு, கம்பி யாரோட வீட்டுக்கு மேலால, தோட்டத்துக்கு மேலால போகுது. அடுத்தவங்க எடத்துக்கு மேலால போனா அவங்க சம்மதம் வேணும், மொதல்லயே பேசி வைங்க, எஸ்டிமேட் வந்த பிறகு பேசினா அவங்களுக்கு பழைய கோவமெல்லாம் ஞாபகத்துக்கு வரும். டர்பன்டைன், சவுக்கு மரக் கொப்பு குறுக்க நின்னா தோட்ட ஆபீஸ்ல சொல்லித்தான் வெட்டணும், நீங்களா கத்திய எடுக்காதீங்க.

பிறகு எஸ்டிமேட் வரும், எனக்கு பாரம் குடுத்து ஒன்பதாவது நாள் ஆள் வந்தாரு, அதுக்கு பத்து நாளைக்கு பிறகு கடுதாசி. அதுல கட்ட வேண்டிய தொகையும் அத கட்ட வேண்டிய கடைசித் திகதியும் இருக்கும், அந்தத் திகதிய தவற விடாதீங்க, வெல மாறினா மறுபடி முதல்ல இருந்து. தீவாளி அட்வான்ஸ நம்பியிருக்கிறவங்க பாரத்த அதுக்கு ஒன்றரை மாசத்துக்கு முன்னால குடுத்தா சல்லி வர்ற நேரமும் எஸ்டிமேட் வர்ற நேரமும் சரியா இருக்கும். மொத்தமா கட்ட ஏலாட்டி தவணைல கட்ட வழி இருக்கான்னு வாய் தெறந்து கேளுங்க, கேக்காதவங்களுக்கு யாரும் சொல்றது இல்ல.

கட்டின ரசீதுல கணக்கு இலக்கம் சரியா இருக்கான்னு பாருங்க. யாரு வந்து "நான் சீக்கிரம் பூட்டித் தாறேன், கையில குடுங்க"ன்னாலும் குடுக்காதீங்க, கவுண்டர்லயோ பேங்க்லயோ மட்டும் கட்டுங்க. எங்க லயத்துலயே ஒரு அக்கா இப்படி 5,000 குடுத்து ஏமாந்தாங்க.

மே மாசத்துல இருந்து ஆவணி வரைக்கும் மழையும் காத்தும், அந்த நேரம் லைன் ஆளுங்க விழுந்த கம்பிய தூக்குறதுலயே ஓடுவாங்க. புதுக் கனெக்‌ஷன் பின்னுக்கு போகும். பனிக்காலம் முடிஞ்சு பெப்ரவரி, மார்ச்ல தொடங்கினா நல்லது.

6. மீட்டர் பூட்டுற அன்னைக்கு

வீட்டுல ஆள் இருக்கணும். மீட்டர் வெளிச்செவத்துல, ஆள் உள்ள வராம வாசிக்கிற மாதிரி எடத்துல வர்றது நல்லது. மழைச்சாரல் படாம ஒரு சின்ன தகரம் போடுங்க. பூட்டின உடன மீட்டர் எலக்கத்தையும் அதுல காட்டுற வாசிப்பையும் போன்ல படம் எடுங்க.

அடுத்து, வீட்டுல எல்லா சுவிட்சயும் நிப்பாட்டிட்டு மீட்டர்ல உள்ள சின்ன சிவப்பு லைட்ட கொஞ்ச நேரம் பாருங்க. ஒண்ணும் எரியாதப்ப அது மினுங்கக் கூடாது. மினுங்கினா எங்கயோ கசியுது, இல்லாட்டி வேற யாரோட வயரோ ஒங்க மெயின்ல மாட்டியிருக்கு. எங்களுக்கு கடைசியா மினுங்கினது பொதுக் கக்கூஸ் பல்பு, அண்ணன் எப்பவோ பின்னால ரூம் வயர்ல இருந்து இழுத்துக் குடுத்தது!

ட்ரிப் சுவிட்ச்ல உள்ள சின்ன பட்டன மாசத்துக்கு ஒரு தடவ அமத்திப் பாருங்க, விழணும். விழாட்டி அது இருந்தும் இல்லாத மாதிரி.

7. மாசம் 60ஐ தாண்டாம இருக்க

பில்லுல ரெண்டு திகதிக்கு நடுவுல எத்தன நாளுன்னு பாத்துத்தான் கணக்கு. 30 நாளைக்கு 60ன்னா நாளைக்கு 2 யூனிட். மீட்டர் பாக்கிறவரு 33 நாள்ல வந்தா ஒங்க கோடு 66. அதனால "லேட்டா வந்து எங்கள மேல தள்ளிட்டான்"னு அவர ஏசாதீங்க. அதே மாதிரி 28 நாள்ல வந்தா 56தான்.

ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை மீட்டர வாசிங்க. வாரம் 14க்குள்ள இருந்தா சரி. எனக்கு கலண்டர்ல எழுதிற பழக்கம், இப்ப சின்னவனே ஓடிப் போய் பாத்துட்டு வந்து சொல்றான்.

எது திங்குதுன்னு தெரிஞ்சுக்குங்க. 1,000 வோட் ஒரு மணித்தியாலம் ஓடினா ஒரு யூனிட். 9 வோட் எல்.ஈ.டி. பல்பு நாலு, ராவைக்கு அஞ்சு மணித்தியாலம் எரிஞ்சாலும் 0.18 யூனிட்தான், பிள்ளை படிக்கிறப்ப லைட்ட நிப்பாட்டி ஏசாதீங்க. 2,000 வோட் கேத்தல் பத்து நிமிஷம் ஓடினா 0.33. நாளைக்கு மூணு தடவன்னா ஒரு யூனிட் போச்சு, ஒங்க பங்குல பாதி. அயர்ன் ஒரு மணித்தியாலத்துக்கு கிட்டத்தட்ட ஒரு யூனிட், அதனால வாரத்துக்கு ஒரு தடவ மொத்தமா போடுங்க. ஆனா நம்ம குளிருக்கு எல்லாத்தயும் விட பெரிய திருடன் சுடுதண்ணி ஷவர். 3,500 வோட்னு வச்சாலும் ஒருத்தர் பத்து நிமிஷம் குளிச்சா 0.58. நாலு பேரு தெனம் குளிச்சா மாசத்துக்கு 70 யூனிட். அது ஒண்ணே 60ஐ தாண்டிருது. மிலாறு (தேயிலச் செடிக் குச்சி) வச்சு அடுப்புல பானைய ஏத்துறது பழைய காலத்து வேலன்னு என் வீட்டுக்காரி சொன்னா, 598 ரூவா கணக்க காட்டினேன், இப்ப ஷவர் பிள்ளைக்கு காய்ச்சல் வந்தா மட்டும்.

ராத்திரி பத்தரைக்கு பிறகு போட்டா மலிவுன்னு ஒரு கதை ஓடுது. நேரத்துக்கு ஒரு வெலங்கிறது தனியா கேட்டு எடுக்கிற வேற கட்டணம், அதுல சாய்ந்தரம் 6:30ல இருந்து 10:30 வரைக்கும்தான் கூட வெல. நம்ம சாதாரண மீட்டர்ல நடுச்சாமத்துல அயர்ன் போட்டாலும் பகல்ல போட்டாலும் அதே யூனிட், அதே வெல. தூக்கம்தான் போகும்.

கூரையில சோலார் போடலாமான்னு கேப்பீங்க. 60க்குள்ள நிக்கிறவங்களுக்கு அந்த 2025 ஜூன் கட்டணப்படி கடைசி யூனிட்டே 8 ரூவாதான், அத மிச்சம் புடிக்க லட்சக்கணக்குல போடுறது வேணாத வேலை. முன்பக்கம் கடை வைக்கிற யோசனை இருந்தா மட்டும் சபையில சொல்லிட்டு வைங்க, வியாபாரத்துக்கு கட்டண வகையே வேற, பிறகு புடிச்சா கஷ்டம்.

பிரிச்ச பிறகு எங்களுக்கு வந்த மொதல் முழு மாச பில்: நாங்க 58 யூனிட், 569 ரூவா. அண்ணன் வீடு 62 யூனிட், 1,202 ரூவா. நாலு யூனிட் வித்தியாசத்துக்கு ரெண்டு மடங்குக்கு மேல. அண்ணி பில்ல கைல வச்சுக்கிட்டு என்னையவே பாத்தாங்க, கலண்டர்ல எழுதுற பழக்கம் அன்னையில இருந்து அவங்களுக்கும் வந்துருச்சு.

8. பில் பிழைன்னு தோணினா

மொதல்ல பில்லுல உள்ள வாசிப்பையும் மீட்டர்ல இப்ப உள்ளதையும் ஒப்பிடுங்க. மீட்டர்ல உள்ளது பில்ல விட கொறைவா இருந்தா பிழை நிச்சயம். மாசா மாசம் படம் எடுத்து வச்சிருந்தா அத காட்டிப் பேசலாம். வீடு பூட்டியிருந்தா சராசரி போட்டு குடுத்திருப்பாங்க, அடுத்த மாசம் வாசிப்பு எடுத்ததும் சரியாகும்.

பிரதேச ஆபீஸ்ல எழுத்துல குடுங்க, குடுத்த கொப்பில சீல் அடிச்சு வாங்குங்க, வாயால சொல்லிட்டு வந்தா அது காத்தோட போயிரும். அங்க தீராட்டி அந்த சீல் அடிச்ச கொப்பியோட ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம், அதுக்கு சல்லி கெடையாது. ஆனா ஒண்ணு, பேச்சு முடியிற வரைக்கும் ஒங்க வழமையான தொகையையாவது கட்டிக்கிட்டு இருங்க. மொத்தமா நிப்பாட்டினா சிவப்பு நோட்டீஸ் வரும், வெட்டினா திரும்ப பூட்ட தனி சார்ஜ்.

கடைசியா, மொதல் பில்ல தூக்கிப் போடாதீங்க. லயத்துல இருக்கிற நமக்கு நம்ம பேரும் விலாசமும் சேந்து அச்சடிச்சு வர்ற கடுதாசி வேற எங்க கெடைக்குது, பேங்க்ல கணக்கு தொறக்க, பிள்ளைய ஸ்கூல்ல சேக்க அதத்தான் கேப்பாங்க. எங்க பக்கம் மீட்டர் வாசலிலயே மெஷின்ல அடிச்சுக் குடுக்கிற பில்லு கொஞ்ச நாள்ல எழுத்து மங்கிரும், வாங்கின அன்னைக்கே போட்டோ கொப்பி எடுங்க. லேமினேட் மட்டும் பண்ணிறாதீங்க. நான் டவுன்ல குடுத்து பண்ணினேன், சூடு பட்டு முழுக்க கருப்பாயிருச்சு.